ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் உண்மையிலேயே இயங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தின் வலையமைப்பைப் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கிறீர்கள். முன்பு பார்த்தவர் வெளிநாடு போய்விட்டார். போகும்போது "டிஎச்சிபி ஸ்னூப்பிங் எல்லாம் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் இடைக்கிடை நாலைந்து கணினிகளுக்கு 192.168.8 என்று தொடங்கும் முகவரி வருகிறது, அந்த நேரம் பிரிண்டரும் இல்லை, பொதுக் கோப்புறையும் திறப்பதில்லை. அந்தப் பாதுகாப்பு அமைப்பைப் பார்க்க எந்தக் கட்டளை என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டளை ஒரு வரிதான். ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது, அந்தப் பாதுகாப்பு இப்போது உங்கள் கணினிகளைக் காக்கிறதா, இல்லையென்றால் எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்பது. வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில் அலுவலகங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் பாடசாலை ஆய்வுகூடங்களிலும் பல வருடமாக இந்த வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறைதான் டிஎச்சிபி. ஒரு கணினி வலையமைப்பில் சேரும்போது "எனக்கு முகவரி தர யாரும் இருக்கிறீர்களா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறது. சேர்வர் ஒன்றைத் தர முன்வருகிறது, கணினி அதையே தரும்படி கேட்கிறது, சேர்வர் உறுதி செய்கிறது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்குவெஸ்ட், அக் என்ற இந்த நாலு செய்திகளும் 1997 இல் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிற முறை. முன்வந்த சேர்வர் உண்மையானதா என்று சோதிக்கக் கணினியிடம் எந்த வழியும் இல்லை. பெரும்பாலும் முதலில் வந்த பதிலை ஏற்றுக்கொள்ளும். பைபர் இணைப்பு அறுந்த நாளில் யாரோ வீட்டிலிருந்து ஒரு 4ஜி ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் துளையிலிருந்து சுவர்ச் சொக்கட்டுக்கு வயரைக் கொழுவினால், அந்த ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். எங்கள் பக்கம் நான் காணும் சம்பவங்களில் அநேகமானவை இப்படித்தான் நடக்கின்றன. தீய நோக்கம் இருக்காது, வேலை நிற்கக்கூடாது என்ற அவசரம் மட்டும் இருக்கும். ஸ்னூப்பிங் செய்வது இதைத் தடுப்பது. சேர்வர் இருக்கும் திசையிலுள்ள போர்ட்டை, அதாவது வயர் கொழுவும் துளையை, மட்டும் நம்பகமானது என்று, எல்லா வயரும் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்சுக்குச் சொல்லிவைக்கிறோம். மற்றப் போர்ட் எதிலிருந்தாவது ஆஃபர், அக் போன்ற சேர்வர் செய்திகள் வந்தால் ஸ்விட்ச் அவற்றை எறிந்துவிடும்.

உங்கள் ஸ்விட்ச் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே முதலில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், மற்றவற்றைப் பிறகு தொடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். வலையமைப்பு வழியாகவே எஸ்எஸ்எச் மூலம் ஸ்விட்சுக்குள் நுழைய முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கன்சோல் கேபிளை மடிக்கணினியில் கொழுவி, புட்டி என்ற மென்பொருளில் 9600 வேகத்தில் திறக்கலாம். "ஷோ" என்று தொடங்கும் எந்தக் கட்டளையும் அமைப்பை மாற்றாது. வேலை நேரத்திலும் பயப்படாமல் பார்க்கலாம். பார்த்து முடியும்வரை "கன்ஃபிகர் டெர்மினல்" பக்கம் போகவேண்டாம்.

முதல் கட்டளை "ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங்". இதன் முதல் வரி, ஸ்விட்சில் ஸ்னூப்பிங் எனேபிள்ட் அல்லது டிஸேபிள்ட் என்று சொல்லும். பலர் எனேபிள்ட் என்பதைக் கண்டதும் திருப்தியோடு மூடிவிடுகிறார்கள். அந்த வரி மட்டும் உங்களுக்கு ஒன்றையும் உறுதிப்படுத்தாது. சிஸ்கோவில் இரண்டு இடத்தில் இதை இயக்கவேண்டும், முழு ஸ்விட்சுக்கும் ஒரு தடவை, காக்கவேண்டிய வீலானுக்கு, அதாவது ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி வலையமைப்புக்கு, ஒரு தடவை. ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் பாதுகாப்பு இல்லை. ஆகவே அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வீலான் பட்டியல்களைப் பாருங்கள். ஒன்று "கன்ஃபிகர்ட்" என்றும் மற்றது "ஆபரேஷனல்" என்றும் இருக்கும். கேட்டுக்கொண்டது முதலாவது, நடைமுறையில் இயங்குவது இரண்டாவது. வீலான் 10 கன்ஃபிகர்ட்டில் இருந்து ஆபரேஷனலில் இல்லையென்றால், முழு ஸ்விட்சுக்குமான கட்டளை விடுபட்டிருக்கலாம், அல்லது அந்த வீலானே ஸ்விட்சில் உருவாக்கப்படாமல் இருக்கலாம். இன்னொன்று, நான் அடிக்கடி காண்பது: ஸ்னூப்பிங் வீலான் 1 இல் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும், ஆட்களின் கணினிகள் எல்லாம் பின்னாளில் உருவாக்கிய வீலான் 20 இல் இருக்கும். "ஷோ வீலான் பிரீஃப்" என்று தட்டி, எந்தப் போர்ட் எந்த வீலானில் இருக்கிறது என்று பார்த்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அதே வெளியீட்டின் கடைசியில் போர்ட் பட்டியல் ஒன்று வரும். போர்ட்டின் பெயர், டிரஸ்டட் என்பதற்கு யெஸ் அல்லது நோ, செக்கனுக்கு எத்தனை பக்கெட் (தரவுப் பொட்டலம்) என்ற வரம்பு ஆகியவை அதில் இருக்கும். நம்பிக்கை அல்லது வரம்பு அமைக்கப்பட்ட போர்ட்டுகள் மட்டும்தான் இந்தப் பட்டியலில் வரும். பட்டியலில் இல்லாத போர்ட் எல்லாம் நம்பப்படாதது என்று கொள்ளுங்கள், அதுதான் இயல்புநிலை. யெஸ் என்று இருக்கவேண்டியது டிஎச்சிபி சேர்வர் கொழுவிய போர்ட், அல்லது சேர்வர் இருக்கும் ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க். முகவரி கொடுப்பது அந்த ஸ்விட்சே என்றால் நம்பகமான போர்ட் ஒன்றும் இல்லாமலும் அது சரியாக இருக்கும். கவலைப்படவேண்டியது, ஆட்களின் மேசைக்குப் போகும் போர்ட்டில் யெஸ் என்று இருப்பது. ஒருநாள் ஒரு கணினிக்கு முகவரி வரவில்லை என்று யாரோ அவசரத்தில் டிரஸ்ட் போட்டிருப்பார்கள், பிறகு எடுக்க மறந்திருப்பார்கள். அந்தப் போர்ட்டில் ஸ்னூப்பிங் இருந்தும் இல்லாதது போலத்தான். உங்கள் ஸ்விட்சில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இரண்டாவது கட்டளை "ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் பைண்டிங்". இது ஸ்விட்ச் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு மாதிரி. சாதனத்தின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரி, கிடைத்த ஐபி, இன்னும் எத்தனை செக்கனுக்கு அது செல்லும், எந்த வீலான், எந்தப் போர்ட் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். நம்பப்படாத போர்ட்டில் இருக்கும் கணினி சேர்வரிடம் முகவரி பெற்றால் மட்டுமே இங்கே பதிவாகும். கையால் முகவரி போட்ட பிரிண்டர், சிசிடிவி பெட்டி, கைரேகை இயந்திரம் எதுவும் வராது, அது பிழை அல்ல. ஸ்னூப்பிங்கை இப்போதுதான் இயக்கியிருந்தால் பட்டியல் வெறுமையாகவே தொடங்கும். வழமையாகக் கணினி, முகவரி செல்லுபடியாகும் குத்தகைக் காலத்தின் பாதியில்தான் புதுப்பிக்கக் கேட்கும். ஒரு நாள் குத்தகை என்றால், இயங்கிக்கொண்டிருக்கும் கணினி பதிவாக 12 மணித்தியாலம் வரை ஆகலாம். ஆனால் மாதக்கணக்காக இயங்குவதாகச் சொல்லப்படும் ஸ்விட்சில், அலுவலகம் முழுக்க ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் இந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தால், உங்கள் ஆட்களின் வீலானில் ஸ்னூப்பிங் இயங்கவில்லை என்றோ அவர்களுடைய போர்ட்டுகள் எல்லாம் டிரஸ்ட் செய்யப்பட்டிருக்கின்றன என்றோ கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

இங்கே எங்கள் ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மழையும் தொடங்கினால் கரண்ட் வந்து வந்து போகும். கணினிகளுக்கு யுபிஎஸ் இருக்கும், சுவரில் தொங்கும் ஸ்விட்சுக்கு இருக்காது. இந்தப் பதிவேடு ஸ்விட்சின் நினைவகத்தில்தான் இருப்பதால், ஸ்விட்ச் நின்று எழும்பினால் அழிந்துவிடும். கணினி நேரடியாக ஸ்விட்சில் கொழுவியிருந்தால் லிங்க் விழுந்து எழும்பும், விண்டோஸ் தன் முகவரியை மறுபடி சரிபார்க்கக் கேட்கும், பதிவேடும் நிரம்பிவிடும். நடுவில் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருந்து, அதற்கு மட்டும் யுபிஎஸ் இருந்தால், கணினிக்கு ஒன்றும் தெரியாது, அது கேட்கவும் மாட்டாது. ஸ்னூப்பிங் மட்டும் இருக்கும் இடத்தில் இதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் இதே பதிவேட்டை நம்பி இயங்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் அல்லது ஐபி சோர்ஸ் கார்ட் என்ற மேலதிகப் பாதுகாப்புகளைப் போட்டிருந்தால், பதிவில் இல்லாத கணினியின் போக்குவரத்து தடைபடும். "கரண்ட் வந்த பிறகு சிலருக்கு மட்டும் நெட் இல்லை" என்ற முறைப்பாட்டுக்கு இது ஒரு காரணம். "ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்" என்று தட்டினால் பதிவேட்டை ஃபிளாஷிலோ வேறு சேர்வரிலோ சேமிக்க ஏற்பாடு இருக்கிறதா என்று தெரியும். ஏற்பாடு இருந்தால் மணிக்கூட்டையும் பாருங்கள். வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அமைத்திருக்கும் சிஸ்கோ ஸ்விட்ச், நேரம் ஒத்திசைந்த பிறகுதான் இந்தக் கோப்பில் எழுதும். இணைய இணைப்பு அறுந்து கிடக்கும் நாட்களில், வெளியிலிருக்கும் என்டிபியை நம்பியிருந்தால், சேமிப்பும் நின்றுவிடும்.

கரண்ட் வந்தவுடன் இன்னொன்றும் நடக்கும். ஆய்வுகூடத்தின் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி முகவரி கேட்கும். அவை எல்லாம் ஒரே போர்ட்டின் கீழ் இருந்து, அந்தப் போர்ட்டில் செக்கனுக்கு 5 அல்லது 10 பக்கெட் என்று இறுக்கமான வரம்பு போட்டிருந்தால், ஸ்விட்ச் அதைத் தாக்குதல் என்று எடுத்துப் போர்ட்டையே மூடிவிடும். "ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்-டிஸேபிள்ட்" என்ற கட்டளையில் மூடிய போர்ட்டும் காரணமும் வரும். நம்பப்படாத போர்ட்டுக்கு 100 ஐத் தாண்டவேண்டாம் என்று சிஸ்கோ பரிந்துரைக்கிறது. ஒரு போர்ட்டின் கீழ் பல கணினிகள் இருக்கும் இடத்தில் அந்த 100 க்குக் கிட்டவாக வைத்தால் நல்லது.

ஆப்ஷன் 82 பற்றிய வரியும் உங்கள் கண்ணில் படும். கணினியின் கோரிக்கையில் "இது இந்த ஸ்விட்சின் இந்தப் போர்ட்டிலிருந்து வந்தது" என்று ஸ்விட்ச் சேர்க்கும் குறிப்பு அது. சிஸ்கோவில் இயல்பாகவே இது சேர்க்கப்படும். இரண்டு கட்டடத்தில் இரண்டு ஸ்விட்ச் இருந்து, கீழ் ஸ்விட்ச் இந்தக் குறிப்பைச் சேர்த்து அனுப்ப, மேல் ஸ்விட்ச் அதை நம்பப்படாத போர்ட்டில் பெற்றால் எறிந்துவிடும். சிஸ்கோ ரவுட்டரே டிஎச்சிபி சேர்வராக இருந்தால், ரிலே முகவரி (கோரிக்கையை இடையில் கடத்திவிடும் சாதனத்தின் முகவரி) இல்லாமல் இந்தக் குறிப்போடு வரும் கோரிக்கையை அதுவும் இயல்பாக ஏற்காது. டிரஸ்ட் எல்லாம் சரியாக இருந்தும் யாருக்கும் முகவரி வராத இடங்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். சிறிய அலுவலகத்துக்கு இந்தக் குறிப்பால் பயன் குறைவு, கணினிகள் கொழுவியிருக்கும் அணுகு ஸ்விட்சில் நிறுத்திவைப்பதே என் தெரிவு.

கள்ள ரவுட்டரைப் பிடிக்க "ஷோ ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டீட்டெயில்" உதவும். எறியப்பட்ட பக்கெட்டுகள் காரணவாரியாக எண்ணப்பட்டிருக்கும். "ரிசீவ்ட் ஆன் அன்ட்ரஸ்டட் போர்ட்ஸ்" என்ற எண் ஏறிக்கொண்டே போனால், யாரோ முகவரி கொடுக்கப் பார்க்கிறார்கள், ஸ்விட்ச் தடுத்துக்கொண்டிருக்கிறது. "ஷோ லாகிங்" இல் அந்தப் பக்கெட்டை அனுப்பிய மேக் முகவரி இருக்கும். அதை "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அட்ரஸ்" என்பதோடு சேர்த்துத் தட்டினால் போர்ட் தெரியும், வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பெட்டி அகப்படும். தடுக்கப்படாத ரவுட்டரைத் தேட வேறு வழி வேண்டும். பிழையான முகவரி வந்த கணினியிலேயே "ஐபிகன்ஃபிக் ஸ்லாஷ் ஆல்" தட்டி டிஎச்சிபி சேர்வர் என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு "ஏஆர்பி ஹைபன் ஏ" தட்டி அந்த முகவரியின் மேக்கை எடுங்கள். அதை வைத்து ஸ்விட்சில் தேடலாம். முகவரி 169.254 என்று தொடங்கினால் அது கள்ள ரவுட்டர் அல்ல. கணினிக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்று பொருள், அப்போது டிரஸ்ட் விடுபட்ட அப்லிங்கைத் தேடுங்கள்.

சிஸ்கோ இல்லையென்றால் சொற்கள் மாறும், பார்க்கவேண்டியவை அவையேதான். பழைய எச்பி புரோகர்வ், அருபா வகையில் "ஷோ டிஎச்சிபி-ஸ்னூப்பிங்" என்று நடுவில் ஹைபன் போட்டுத் தட்டவேண்டும், பதிவேட்டுக்குப் பின்னால் பைண்டிங் என்று சேர்க்கவேண்டும். ஹுவாவேயில் "டிஸ்ப்ளே டிஎச்சிபி ஸ்னூப்பிங்", பதிவேட்டுக்கு "டிஸ்ப்ளே டிஎச்சிபி ஸ்னூப்பிங் யூசர்-பைண்ட் ஆல்". அதில் டிஎச்சிபியையே முதலில் எனேபிள் செய்யாமல் ஸ்னூப்பிங் இயங்காது. மைக்ரோட்டிக்கில் பிரிட்ஜ் அமைப்பில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் யெஸ் என்றும், அப்லிங்க் போர்ட்டில் டிரஸ்டட் யெஸ் என்றும் இருக்கவேண்டும், 6.43 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. நுழைவதற்கு முகவரியும் இல்லாத, கன்சோல் துளையும் இல்லாத சாதாரண ஸ்விட்ச் என்றால் ஸ்னூப்பிங் அதில் இருக்கவே முடியாது.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். வெளியீட்டைக் காணாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு கேள்விக்கான பதில் பாதித் தூரம் கொண்டுபோகும். பிழையான முகவரி வரும் அந்த நாலைந்து கணினிகளும் ஒரே அறையிலா, அல்லது கட்டடம் முழுக்கச் சிதறியா? சிதறியிருந்தால் அந்த வீலானில் ஸ்னூப்பிங் இயங்கவில்லை, அல்லது ரவுட்டர் கொழுவிய போர்ட் டிரஸ்ட் செய்யப்பட்டிருக்கிறது. ஒரே அறை என்றால் மேசைக்குக் கீழே ஐந்து துளை, எட்டுத் துளைச் சின்ன ஸ்விட்ச் ஒன்று கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கணினிகளும் கள்ள ரவுட்டரும் அதே சின்ன ஸ்விட்சில் இருந்தால், அவற்றுக்கிடையே போகும் செய்தி உங்கள் பெரிய ஸ்விட்சுக்கு வரவேண்டிய தேவையே இல்லை. வராததை அது தடுக்கவும் முடியாது. ஸ்னூப்பிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த அறைக்குள் அது உதவாது. அங்கே வழி, சின்ன ஸ்விட்சை எடுத்துவிட்டு மேசைக்கு ஒரு வயர் இழுப்பது, அல்லது அந்த இடத்தில் ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச் ஒன்று வைப்பது. வன்னியில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய அலுவலகங்கள் பலவற்றில் சுவர்ச் சொக்கட் போதாது, ஆட்கள் கூடக் கூடச் சின்ன ஸ்விட்சுகளும் கூடின. அதனால் என் ஊகம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

கையால் ஒரே முகவரியை இரண்டு பேர் போட்டுக்கொள்வதை ஸ்னூப்பிங் தடுக்காது. புதிய முகவரி முறையான ஐபிவி6 இல் தன்னிச்சையாக அறிவிப்பு விடும் ரவுட்டரையும் தடுக்காது, அதற்கு ஆர்ஏ கார்ட் என்ற பாதுகாப்பு வேறாக வேண்டும். விண்டோஸ் டொமைனில் சேர்வரை அங்கீகரித்திருக்கிறோம், அது போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அங்கீகாரம் விண்டோஸ் சேர்வர்களை மட்டுமே கட்டுப்படுத்தும், வீட்டு ரவுட்டருக்கு அது ஒரு பொருட்டல்ல.

மாற்றம் செய்யவேண்டி வந்தால், முதலில் இந்த வெளியீடுகளையும் "ஷோ ரன்னிங்-கன்ஃபிக்" ஐயும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு அலுவலகம் முடிந்த நேரம் பார்த்து, அப்லிங்கிலும் சேர்வர் போர்ட்டிலும் டிரஸ்ட் போடுங்கள், அடுத்து வீலான், கடைசியில் முழு ஸ்விட்சுக்குமான கட்டளை. இந்த ஒழுங்கு தலைகீழானால் முகவரி புதுப்பிக்கும் கணினிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும், அதுவும் உடனே தெரியாது, அடுத்த நாள் காலையில்தான் தெரியும். இயக்கிய பிறகு, பொறுப்பதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு பழைய ரவுட்டரின் லேன் துளையைச் சாதாரணப் போர்ட் ஒன்றில் கொழுவி, வேறொரு போர்ட்டிலுள்ள மடிக்கணினியில் முகவரியை விட்டுப் புதிதாகக் கேளுங்கள். அலுவலகச் சேர்வரின் முகவரியே வந்து, ஸ்விட்சில் எறியப்பட்ட எண் ஏறியிருந்தால் அந்த வீலானில் அது வேலை செய்கிறது. சின்ன ஸ்விட்சுகள் இருக்கும் அறைகளில் இதைத் தனித்தனியாகச் செய்து பாருங்கள். ஸ்விட்சின் மாதிரி எண்ணையும் முதல் கட்டளையின் வெளியீட்டையும் இங்கே போட்டால் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். கடவுச்சொல் வரிகள் இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள்.